சுரங்கம் ஒரு கணக்கு, ஆலை ஒரு கணக்கு

நான் கணக்குப் பார்க்கும் நிறுவனத்துக்கு ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கமும், அதையொட்டியே கல்லை அரைத்துத் தூளாக்கும் ஆலையும் உண்டு. ஏ.எஸ்.ஐ. எனப்படும் தொழிற்சாலைகளின் ஆண்டாய்வில், 2018-19 நிதியாண்டுக்கு எங்கள் ஆலை தேர்வாகியிருப்பதாக 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டத்தின்கீழ் அறிவிக்கை வந்தபோது, தணிக்கை முடிந்த இருப்புநிலைக் குறிப்பு கையில் இருக்கிறதே, அரை நாள் வேலைதான் என்று எண்ணினேன். மூன்று வாரம் பிடித்தது.

ஆய்வுப் படிவம் பிளாக் எனப்படும் பகுதிகளாகப் பிரிந்திருக்கும். அடையாள விவரங்களைக் கேட்கும் ஏ, பி பிளாக்குகள் சட்டென்று முடிந்தன. நிலையான சொத்துகளைக் கேட்கும் சி பிளாக்கில் துளையிடும் இயந்திரம், பொக்லைன் என நிறுவனத்தின் பெயரில் இருந்த அனைத்தையும் எழுதி வைத்திருந்தேன். பார்வையிட வந்த கள அலுவலர் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். "இவை சுரங்கக் குத்தகை நிலத்தில் ஓடுபவை அல்லவா சார், ஆலைக் கணக்கில் எப்படி வந்தன?" என்றார். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்துக்கு உட்பட்ட இடத்தைத் தொழிற்சாலை என்ற சொல்லுக்கு வெளியே வைத்திருந்தது. சுரங்கத்தின் விவரங்களை மாதந்தோறும் இந்தியச் சுரங்கப் பணியகத்துக்கு அனுப்புகிறவனே நான்தான். இருந்தும் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் இடையிலான இந்தக் கோடு எனக்கு உறைக்கவில்லை. நாட்டின் தொழில் உற்பத்தி ஏற்றத்தாழ்வைக் காட்டும், 2011-12ஐ அடிப்படையாகக் கொண்ட தொழில் உற்பத்திக் குறியீட்டெண்ணிலும் நூற்றுக்குச் சுரங்கத்துக்கு 14.37, உற்பத்தித் துறைக்கு 77.63 எனத் தனித்தனிப் பங்குகள்தாம் இருந்தன.

கோட்டைப் போட்டபின் பேரேடு முழுவதையும் பிரிக்க வேண்டியதாயிற்று. கனிம உரிமத்தொகையும் வெடிமருந்துச் செலவும் ஐயமின்றிச் சுரங்கத்தின் பக்கம் போயின. டீசலுக்கு ஒரே பதிவேடு இருந்ததால், ஒவ்வொரு வண்டியின் ஓட்டமணிக் குறிப்பையும் புரட்டிப் பங்கிட்டேன். மூலப்பொருளுக்கான எச் பிளாக்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. சொந்தச் சுரங்கத்திலிருந்து வந்த கல்லுக்கு எங்கள் புத்தகத்தில் விலையே கிடையாது. ஆனால் ஆலையைத் தனியாகப் பார்த்தால் அது வெளியிலிருந்து வந்த பொருள், எனவே விலைக்கு வாங்கியிருந்தால் ஆலை வாசல் வரை என்ன ஆகியிருக்குமோ அந்த மதிப்பைப் போட வேண்டும் என்று அலுவலர் விளக்கினார். அளவும் எளிதாக இல்லை. எடைமேடைச் சீட்டுகளைக் கூட்டினால் வந்து சேர்ந்த கல் தெரியும், படிவம் கேட்பதோ அரைபட்ட கல்லை. முற்றத்தில் கிடந்த குவியலின் இருப்புக் கணக்கைத் தேடி எடுத்து, ஏப்ரல் 1 அன்று இருந்ததைக் கூட்டி, மார்ச் 31 அன்று இருந்ததைக் கழித்த பிறகே எண் நின்றது.

பணியாளர் விவரம் கேட்கும் இ பிளாக்கில் ஆள் எண்ணிக்கை மட்டுமன்றி, வேலை செய்த மனித நாட்களும் (ஒருவர் ஒரு நாள் வேலை செய்தால் ஒரு மனித நாள்) வேண்டும். நேரடித் தொழிலாளர், ஒப்பந்தக்காரர் வழி வந்தவர் எனப் பிரித்து. காலையில் சுரங்கத்திலும் பிற்பகலில் ஆலையிலும் லோடர் ஓட்டிய இருவரை எந்தப் பக்கம் வைப்பது என்று வருகைப் பதிவேட்டோடு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். உற்பத்திப் பொருளுக்கு ஏழிலக்கக் குறியீடு தேடுவது அதனோடு ஒப்பிட்டால் விளையாட்டு.

இணையதளத்தில் சமர்ப்பித்த சில நாட்களில், டன்னுக்கு ஆகும் மின்சாரம் மிகையாகத் தெரிகிறதே என்று ஒரு விளக்கம் கேட்டார்கள். எலக்ட்ரீஷியனை அழைத்துக்கொண்டு மின்கம்பி போகும் வழியே நடந்து பார்த்தால், சுரங்கக் குழியில் தேங்கும் நீரை இறைக்கும் மோட்டார் ஆலையின் மீட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் குதிரைத்திறனையும் ஓடிய மணிகளையும் கொண்டு யூனிட்டைக் கணக்கிட்டுக் கழித்து, திருத்திய எண்ணை அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். அந்த மோட்டாருக்கு இப்போது தனியாக ஒரு துணை மீட்டர் இருக்கிறது.