ஒரு மேட்டுக்குப் பதில் இரண்டு மேடு

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு வேலைதான். பால்வீதியின் நடுப்பகுதியில் இருக்கும் சிவப்பு ராட்சத நட்சத்திரங்களை எண்ணி, பிரகாச வாரியாக அடுக்கி, வரைபடம் போட வேண்டும். சிலியின் பரனால் மலையில் இருக்கும் விஸ்டா தொலைநோக்கி 2010 முதல் அகச்சிவப்பில் எடுத்த தரவு. அதில் தென்பக்கம் ஒரு சின்னத் துண்டு எனக்கு.

அகச்சிவப்பு ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் பால்வீதியின் தட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம். மையம் சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி, தனுசு ராசியின் திசையில். நடுவில் முழுக்கத் தூசு. மையத்திலிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறக்குறைய லட்சம் கோடியில் ஒரு பங்குதான் நம்மை எட்டுகிறது. அகச்சிவப்பில் பார்த்தால் பத்தில் ஒரு பங்கு வரை வந்து சேர்கிறது. அந்த வித்தியாசத்தில்தான் எங்கள் பிழைப்பே நடக்கிறது.

ராட்சத நட்சத்திரங்களிலும் எங்களுக்கு வேண்டியது ஒரு தனி வகை. ஆய்வகத்தில் 'ரெட் கிளம்ப்' என்போம். மையத்தில் ஹீலியத்தை எரிக்கும் நிலையில் இருப்பவை. எரியத் தொடங்கும்போது அவற்றின் உட்கருவின் நிறை ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், பிரகாசமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே வாட் பல்புகளை ஊர் முழுக்க மாட்டி வைத்த மாதிரி. எது மங்கலோ அது தூரத்தில் இருக்கிறது. இந்த ஒரு பிடியை வைத்துத்தான் 1994இல் ஸ்டானெக் குழு, ஓகிள் என்ற வான் கணக்கெடுப்புத் திட்டத்தின் தரவிலிருந்து, நடுப்பகுதி உருண்டையாக இல்லை, ஒரு பட்டை மாதிரி நீண்டிருக்கிறது, அதன் ஒரு முனை நம் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டினார்கள். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது ஆச்சரியம்தான். வீட்டுக்குள்ளிருந்து வெளியே வராமலே வீட்டின் வடிவத்தைச் சொல்லிவிட்டார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பால்வீதித் தட்டிலிருந்து எட்டு டிகிரி தெற்கே இருந்த என் துண்டில், ஒரே பிரகாசத்தில் நிறைய நட்சத்திரங்கள் குவிந்து வரைபடத்தில் ஒரு மேடு வர வேண்டிய இடத்தில் இரண்டு வந்தன. இரண்டுக்கும் நடுவே, நட்சத்திரப் பிரகாசத்தை அளக்கும் மேக்னிட்யூட் கணக்கில், அரை மேக்னிட்யூடுக்குச் சற்று மேல் இடைவெளி. தூசு மங்கச் செய்த அளவை ஈடுகட்டும் தூசுத் திருத்தத்தில் எங்கேயோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். பன்னிரண்டு நாள் உட்கார்ந்து திருத்தத்தை மாற்றி மாற்றிப் போட்டு, மங்கலான மேட்டைப் பிரகாசமான மேட்டின் மேல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அழகாக ஒரே மேடு வந்தது. அச்சடித்து எடுத்துக்கொண்டு என் வேலையை மேற்பார்க்கும் மேடத்திடம் போனேன்.

மேடம் வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "ஏம்பா, எட்டு டிகிரி தள்ளி அவ்வளவு தூசு எங்கே இருக்கு?" என்று கேட்டார். நான் பேசவில்லை. "நிறத்தை வரைஞ்சு பார்த்தியா?"

பார்க்கவில்லை. அவர் மேசையிலேயே உட்கார்ந்து வரைந்தேன். தூசு ஒளியை மங்கச் செய்யும்போது கூடவே சிவக்கவும் செய்யும். நாங்கள் பார்க்கும் அகச்சிவப்பு அலைநீளங்களில் அரை மேக்னிட்யூட் மங்கினால் நிறம் ஒரு மேக்னிட்யூட் அளவுக்கு நகர வேண்டும். இரண்டு கும்பலும் ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே நிறத்தில் நின்றன. தூசு இல்லை. நிஜமாகவே ஒரு கூட்டம் கிட்டத்தில், இன்னொரு கூட்டம் சுமார் 30 சதவீதம் கூடுதல் தூரத்தில்.

மேடம் இரண்டு கட்டுரைகளை எடுத்துக் கொடுத்தார். இரண்டும் 2010. மக்வில்லியமும் சோக்காலியும் ஒன்று, நடாஃப் குழு இன்னொன்று, தனித்தனியாக இதே இரட்டை மேட்டைச் சொல்லியிருந்தார்கள். பட்டையின் இரண்டு பக்கமும் மேலும் கீழும் விரிந்து, பக்கவாட்டில் பார்த்தால் எக்ஸ் எழுத்து மாதிரி, வேர்க்கடலைத் தோடு மாதிரி இருக்கிறது. என் பார்வைக்கோடு அதன் இரண்டு கைகளையும் வெட்டிக்கொண்டு போனதால் இரண்டு மேடு. வெக், கெர்ஹார்ட் இருவரும் 2013இல் இதே நட்சத்திரங்களை வைத்து அதை முப்பரிமாணத்தில் வரைந்து, பட்டை நம் பார்வைக்கோட்டுக்கு 27 டிகிரி சாய்ந்திருப்பதாகக் கணக்கிட்டார்கள்.

பால்வீதியின் ஒரு கையையே பன்னிரண்டு நாளில் அழித்துவிட்டேன் என்ற நினைப்பு இன்றும் உறுத்துகிறது. தவறு நடந்தது கணக்கில் இல்லை. வர வேண்டியது இதுதான் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டேன், அங்கேதான்.

எங்கள் அறைச் சுவரில் இப்போது ஒரு பழைய அலுமினியத் தட்டு சாய்ந்திருக்கிறது. பால்வீதி நட்சத்திரங்களின் நிறமாலைகளை எடுக்கும் அபோஜி ஆய்வில் பயன்படுத்தி ஓய்வு கொடுத்தது. 80 சென்டிமீட்டர் அகலம், அதில் நூற்றுக்கணக்கான துளைகள், ஓரங்களில் மார்க்கர் மை. அப்போதெல்லாம் பகலில் ஊழியர்கள் ஒவ்வொரு துளையிலும் ஒளியிழையைக் கையால் செருகுவார்கள். இரவில் 300 இழைகளுக்கும் ஒரே நேரத்தில் நிறமாலை கிடைக்கும். அவற்றில் சுமார் 35 இழைகளை வெறும் வானத்தைப் பார்க்கவே ஒதுக்கியிருப்பார்கள், பின்னணி ஒளியைக் கழிக்க. எதுவும் இல்லாத இடத்தையும் அத்தனை கவனமாக அளந்தவர்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

போன மாதம் புதிதாக ஒரு துண்டு எடுத்தேன். பால்வீதித் தட்டுக்கு மிக அருகில், ஒரே ஒரு டிகிரி தள்ளி. இங்கேயும் மேடு சரியாக வரவில்லை, அகலமாகப் பரவிக் கிடந்தது. திருத்தம் எதையும் தொடாமல் முதல் நாள் நிறத்தைத்தான் வரைந்தேன். கும்பல் ஓரிடத்தில் நிற்காமல் மங்க மங்கச் சிவந்து, வால் மாதிரி சாய்வாக இழுபட்டிருந்தது. இந்தத் தடவை தூசுதான்.