தொண்ணூற்றைந்து கிலோ

எங்கள் ஹோட்டலின் பின்வாசலில், சரக்கு இறங்கும் இடத்தை ஒட்டி, ஒரு எடை மேடை இருக்கிறது. விடியற்காலையில் அதன்மேல் காய்கறி மூட்டைகள் ஏறும். நள்ளிரவில் எச்சில் டிரம்கள் ஏறும். போன வெள்ளிக்கிழமை ஒரு திருமண வரவேற்பு, ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு பேர். பன்னிரண்டே கால் மணிக்குக் கடைசி டிரம்மை இறக்கி வைத்தபோது மொத்தம் 214 கிலோ. தட்டுகளிலிருந்து வழித்தது மட்டும் அவ்வளவு. சமையலறையில் நறுக்கிய காய்த்தோல், முருங்கைக் காம்பு, அண்டாவில் மிஞ்சிய பிரிஞ்சி எல்லாம் தனிக் கணக்கு.

நான் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் ஸ்டூவர்டிங் பிரிவின் மேற்பார்வையாளர். பாத்திரம் கழுவும் இடமும் குப்பை அறையும் என் பொறுப்பு. இந்த வேலைக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இது நான்காவது ஹோட்டல். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய திடக்கழிவு மேலாண்மை விதிகள் நடைமுறைக்கு வருகின்றன என்பதால் இந்த மாதம் முழுக்க எங்கள் அலுவலகத்தில் அதே பேச்சு. எந்த இயந்திரம் வாங்குவது, எந்தப் படிவத்தை நிரப்புவது என்று மட்டும்தான் பேசுகிறார்கள். தட்டு வழிக்கும் மேசையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். பெங்களூரைச் சேர்ந்த அல்மித்ரா படேல் 1996-இல் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன பொதுநல வழக்கிலிருந்துதான் நம் நாட்டின் குப்பை விதிகள் பிறந்தன. 2000-இல் முதல் விதிகள் வந்தன. அவற்றில் கிட்டத்தட்ட எல்லாப் பொறுப்பும் நகராட்சிகளின் தலையில் இருந்தது. 2016 ஏப்ரல் 8-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட விதிகள்தான் எங்களைப் போன்ற இடங்களை நேராகப் பார்த்துப் பேசின. சராசரியாக நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடம் என்றால் அது பெருமளவில் குப்பை உருவாக்கும் நிறுவனம். ஹோட்டல்களும் உணவகங்களும் ஓராண்டுக்குள் குப்பையைச் சேரும் இடத்திலேயே பிரித்தாக வேண்டும். மக்கும் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும். மிஞ்சுவதை மட்டும்தான் வண்டிக்குக் கொடுக்கலாம்.

அந்த நூறு கிலோ கோடு என்ன செய்தது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போது வேறொரு ஹோட்டலில் இருந்தேன், பெயர் வேண்டாம். அங்கே குப்பைப் பதிவேடு எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. முதல் வாரம் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: 160, 148, ஞாயிற்றுக்கிழமை 230. அடுத்த திங்கட்கிழமை அந்தப் பதிவேடு காணாமல் போய்ப் புதிது ஒன்று வந்தது. ஏழு நாள்களும் வேறொருவர் கையெழுத்தில் நிரம்பியிருந்தன. 95, 94, 95, 96, 95. இனிமேல் இந்த அளவை ஒட்டியே எழுத வேண்டும் என்று சொல்லப்பட்டது. எட்டு மாதம் அப்படித்தான் எழுதினேன். என் இரண்டு பிள்ளைகளும் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஹோட்டலை விட்டு வந்து பல ஆண்டுகள் ஆகியும், எங்கேயாவது 95 என்ற எண்ணைப் பார்த்தால் மனம் சுருக்கென்கிறது.

அதனால்தான், 2026 ஜனவரி இறுதியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்த புதிய விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அளவுகோல் மாறியதுதான். நாளுக்கு 100 கிலோ குப்பை என்பது அப்படியே இருக்கிறது. அதனோடு, கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல், நாளொன்றுக்குத் தண்ணீர்ச் செலவு 40,000 லிட்டர் அல்லது அதற்கு மேல் என்ற இரண்டும் சேர்ந்திருக்கின்றன. மூன்றில் ஏதாவது ஒன்று பொருந்தினாலும் போதும். குப்பைக் கணக்கைக் குறைத்து எழுதலாம், கட்டடத்தைச் சுருக்க முடியாது. எங்களைப் போன்ற ஹோட்டலில் அறைகளும் துணி வெளுக்கும் பிரிவும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் சேர்ந்து குடிக்கும் தண்ணீருக்கு 40,000 லிட்டர் எந்த மூலைக்கு? இதை எழுதியவர் யாராக இருந்தாலும், ஒரு பதிவேடு எப்படிப் பொய் சொல்லும் என்று தெரிந்தவர்.

என் வீடு பள்ளிக்கரணையில். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தபோது, மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் புகை நாற்றம். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் பல்லாண்டுகளாகக் கொட்டிய மலை அது. அடியில் காற்றுப் புகாமல் அழுகும் சோறும் குழம்பும் மீத்தேன் வாயுவாக மாறி உள்ளேயே தேங்கும். ஒரு பொறி பட்டால் அணைப்பது எளிதில்லை. மூடிய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்த இரவுகளில், இதில் என் கையால் அனுப்பிய டிரம்கள் எத்தனை என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது மேசைக்கு வருகிறேன். விருந்து மண்டபத்திலிருந்து தட்டுகள் வந்து சேரும் இடத்தில் எஃகு மேசை ஒன்று இருக்கிறது. நடுவில் வட்டமாக ஒரு துளை, துளையின் கீழே பச்சை டிரம். பக்கத்தில் மக்காத குப்பைக்கு நீல டிரம். தட்டை எடுத்து, அதில் கிடக்கும் டிஷ்யூ பேப்பர், பல்குத்தும் குச்சி, ஐஸ்கிரீம் கப், பீடாவில் குத்திய குச்சி, தயிர்சாதத்துக்குள் புதைந்த பிளாஸ்டிக் கரண்டி எல்லாவற்றையும் பொறுக்கி நீலத்தில் போட்டுவிட்டு, மீதியைப் பச்சையில் வழிக்க வேண்டும். அதற்குப் பிறகு சாம்பார்க் கிண்ணத்தை வடிதட்டில் கவிழ்க்க வேண்டும். நீர் கலந்து போனால் உரம் ஆகாது, புளித்து நாறும்.

வெள்ளிக்கிழமை வரவேற்பில் பந்தி உச்சத்தில் இருந்த அரைமணி நேரத்தில் மட்டும் அறுநூறு தட்டுகள் வந்தன. மேசையில் நான்கு பேர். ஒருவர் கைக்கு நூற்றைம்பது தட்டு. ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு விநாடி. அதற்குள் வழித்து, அடுக்கி, டம்ளரைத் தனியே வைத்து, குச்சியையும் பொறுக்க வேண்டும். பத்தாவது விநாடியில் பின்னாலிருந்து அடுத்த தட்டு அடுக்கு இடிக்கும்போது குச்சி சோற்றோடு சேர்ந்து துளைக்குள் போய்விடும். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

என்னிடம் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் ஒடிசாவின் பலாங்கீர்ப் பக்கத்துப் பையன்கள். என்னை மௌசி என்றுதான் கூப்பிடுவார்கள். நம் ஊரில் சித்தி என்பது போல. டிரம்களுக்கு மேலே நிர்வாகம் ஒட்டிய அறிவிப்பு ஆங்கிலத்திலும் தமிழிலும் இருந்தது. இரண்டையும் அவர்களால் படிக்க முடியாது. அவர்களில் இருபது வயதுப் பையன் ஒருவன் அட்டையில் படம் வரைந்து கொடுத்தான்: ஒரு பக்கம் எலும்பு, இட்லி, வாழைப்பழத் தோல், மறு பக்கம் குச்சி, கப், மூடி. அந்த அட்டையைத் தொங்கவிட்ட வாரத்திலேயே பச்சை டிரம்மில் விழும் பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறைந்தது.

பிரிப்பது என்றால் என்ன என்பதை நான் விதிகளைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் ஹோட்டலில் விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு பெரியவர் டிரம்களோடு வண்டியில் வருவார். பன்றி வளர்ப்பவர். மிஞ்சிய சோற்றையெல்லாம் எடுத்துப் போவார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் முறிந்த பல்குத்தும் குச்சி ஒன்று. நுனியில் காய்ந்த ரத்தம். "குட்டியின் தொண்டையிலிருந்து எடுத்தேன், அம்மா" என்றார். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் ஊர் வந்தவாசிக்குப் பக்கத்தில். வீட்டு வாசலில் கழுநீர்த் தொட்டி இருந்தது. சோறு வடித்த கஞ்சி, அரிசி களைந்த நீர், காய்த்தோல் எல்லாம் அதில்தான் போகும். அம்மா ஒவ்வொரு முறையும் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டை அவிழ்ப்பார். வாயில்லா ஜீவன், நாம்தான் பார்த்துப் போட வேண்டும் என்பார். அந்தத் தொட்டியின் அருகில் வளர்ந்த நான், டிரம்மில் என்ன விழுகிறது என்று பார்க்கவில்லை. பின்னர் பன்றிகளுக்கு வரும் பன்றிக் காய்ச்சல் பயத்தால் ஹோட்டல்கள் அப்படிக் கொடுப்பதையே நிறுத்திவிட்டன. அது சரியான முடிவுதான். சரியாக வேகாத இறைச்சிக் கழிவு வழியாக அந்த நோய் பரவும்.

இப்போதுள்ள ஹோட்டலில் உரம் செய்யும் இயந்திரம் ஒன்று நிற்கிறது. 24 மணி நேரத்தில் உரம் என்று சொல்லி விற்றார்கள். கழிவை அரைத்து, சூடாக்கி, கிளறி, மறுநாள் காலையில் பழுப்புநிறப் பொடியாகத் தள்ளும். வாசனையும் மோசமில்லை. எங்கள் தோட்டக்காரர் அதை அப்படியே செம்பருத்தி வரிசைக்குப் போட்டார். இரண்டு வாரத்தில் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. எனக்குச் சந்தேகம் வந்து, ஒரு கிண்ணம் பொடியில் தண்ணீர் தெளித்து மூடி வைத்தேன். மூன்றாம் நாள் திறந்தால் தொட்டால் தெரிகிற சூடு, மேலே வெள்ளைப் பூஞ்சை, புளித்த மாவு நாற்றம். அது உரம் ஆகவே இல்லை, காய்ந்த சோறுதான். நுண்ணுயிர்கள் தம் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே இயந்திரம் அதை உலர்த்திவிட்டது.

அதன் பிறகு நாங்கள் அந்தப் பொடியைத் தென்னை நார்க்கழிவோடும் காய்ந்த இலையோடும் கலந்து, கொல்லைப்புறத்துத் தொட்டிகளில் கொட்டி, ஈரம் காத்து, வாரம் இருமுறை கிளறுகிறோம். கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் கசிய வேண்டும். அதுதான் ஈரத்துக்கு அளவு. வாழையிலையை முழுசாக இயந்திரத்துக்குள் விட்டால் நார் பிளேடைச் சுற்றிக்கொள்ளும், அதனால் அரிவாளால் துண்டாக்கிப் போடுகிறோம். ஐந்து வாரம் ஆகிறது. தண்ணீர் தெளித்தாலும் சூடேறாமல், மழை பெய்த மண் மாதிரி வாசனை வந்தால் எடுக்கலாம். ஆய்வுக்கு வருகிறவர்கள் இயந்திரம் இருக்கிறதா, பதிவேடு இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒருவராவது அந்தப் பொடியில் ஒரு கை எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

சமையல் எண்ணெயை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பொரித்த எண்ணெயில், திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் உருவாகும் துருவச் சேர்மங்கள் (polar compounds) 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரையறுத்திருக்கிறது. அந்த எண்ணெய் பயோடீசலுக்குப் போகிறது. லிட்டருக்குப் பணம் வருகிறது. அதனால் எங்கள் சமையலறையில் யாரும் எண்ணெய் டின்னில் டிஷ்யூ பேப்பரைப் போடுவதில்லை. டின்னுக்குப் பூட்டுகூட உண்டு. எச்சில் சோற்றுக்கு விலை இல்லை, ஆகவே காவலும் இல்லை.

புதிய விதிகளில் குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கிறார்கள்: ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் போன்ற சுகாதாரக் குப்பை, பல்பு, பேட்டரி, மருந்து போன்ற தனிக் கவனக் குப்பை. இது நல்லது. அறைகளிலிருந்து வரும் பைகளில் இவை எல்லாம் கலந்து கிடப்பதைக் கையால் பிரிக்கிற பெண்களுக்கு இது தாமதமாகக் கிடைத்த நியாயம். இன்னொன்று, ஈரக் கழிவை வளாகத்தில் பதப்படுத்த வழியில்லாதவர்கள் அதற்கு ஈடாக ஒரு சான்றிதழ் பெற்றுக்கொள்ளலாம் என்கிறார்கள். உண்மையிலேயே இடமில்லாத இடங்கள் இருக்கின்றன, தி.நகர்ச் சந்து ஒன்றில் மூன்று மாடிக்கும் சமையல் செய்யும் உணவகம் உரத்தொட்டியை எங்கே வைக்கும்? எனினும் இடமிருக்கிற பெரிய ஹோட்டல்களும் காசைக் கொடுத்துச் சான்றிதழை வாங்கிச் சுவரில் மாட்டிவிடுமோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. 95 எழுதிய கைகள் இன்னும் பல இடங்களில் வேலையில்தான் இருக்கின்றன.

நாங்கள் ஒழுங்காகப் பிரித்து வைத்த நாளிலும், உலர் டிரம்மையும் ஈர டிரம்மையும் ஒரே வண்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து எடுத்துச் சென்றதைப் பார்த்திருக்கிறேன். படம் வரைந்த அந்தப் பையன் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டான். அன்று முதல் வண்டி வரும் நேரத்தில் நானே பின்வாசலில் நிற்கிறேன். தனித்தனியாக ஏற்றினால்தான் ரசீதில் கையெழுத்துப் போடுவேன்.

போன திங்கட்கிழமை மேலாளரிடம் ஒரே ஒரு கோரிக்கை வைத்தேன். பெரிய விருந்து நாள்களில் வழிக்கும் மேசைக்கு இன்னும் இரண்டு பேர். ஆறு பேர் நின்றால் ஒரு தட்டுக்குப் பதினெட்டு விநாடி கிடைக்கும். கூடுதலாக ஆறு விநாடி. அவர் தாளில் குறித்துக்கொண்டார். ஏப்ரல் பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றார். வரும் 18-ஆம் தேதி தொள்ளாயிரம் பேருக்கு ஒரு வரவேற்பு இருக்கிறது. அன்றைக்கு அண்டா கழுவும் இடத்திலிருந்து இரண்டு பேரை மேசைக்கு மாற்றியிருக்கிறேன். அண்டாக்கள் இரவு இரண்டு மணி வரை காத்திருக்கும். நானும் இருப்பேன்.