நடிப்புப் படிக்க லண்டன்: ஆடிஷன், விசா, அப்புறம் அந்த ஐந்து சீர்

நடிப்புப் படிக்க வெளிநாடு போகிறேன் என்று கல்வி ஏஜென்சியில் சொல்லிப் பாருங்கள். "மீடியா மேனேஜ்மென்ட் பார்க்கலாமேம்மா" என்பார்கள். அவர்கள் கையில் இருக்கும் பட்டியலில் நாடகப் பள்ளிகள் பெரும்பாலும் இருக்காது. ஆகவே இந்த வேலையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். லண்டனில் நடிப்பில் முதுகலை முடித்தவள் என்பதால் பிரிட்டன் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில், பல்கலைக்கழக நாடகத் துறை வேறு, நாடகப் பள்ளி வேறு. துறையில் வாசிப்பும் கட்டுரையும் அதிகம். பள்ளியில் காலையிலிருந்து மாலை வரை உடலும் குரலும்தான். ராடா, லாம்டா, கில்ட்ஹால், ராயல் சென்ட்ரல் ஆகியவை லண்டனில் இருக்கின்றன. பிரிஸ்டல், கிளாஸ்கோ, கார்டிஃப் நகரங்களிலும் நல்ல பள்ளிகள் உண்டு, அங்கே வாடகையும் குறைவு. ராடாவின் மூன்றாண்டு இளங்கலை நடிப்புக்கு வருடம் 28 பேரைத்தான் எடுக்கிறார்கள். விண்ணப்பிப்பவர்கள் ஆயிரக்கணக்கில். இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஆனால் ஒரே பள்ளியை நம்பி உட்காரவும் வேண்டாம்.

விண்ணப்ப வழி பள்ளிக்குப் பள்ளி மாறும். கிளாஸ்கோவுக்கும் கார்டிஃபுக்கும் யூகாஸ் கன்சர்வேட்டாய்ர்ஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாகப் போகலாம். அதில் ஆறு தேர்வுகள் தரலாம், நாடகத்துக்குக் கெடு பொதுவாக ஜனவரிக் கடைசி. ராடாவுக்கு அவர்கள் தளத்திலேயே நேரடியாக.

இனி ஆடிஷன். பெரும்பாலும் இரண்டு மோனலாக், அதாவது ஒரே பாத்திரம் பேசும் நீள வசனம், கேட்பார்கள்: ஷேக்ஸ்பியர் அல்லது அவர் காலத்து நாடகத்திலிருந்து ஒன்று, இக்காலத்து நாடகத்திலிருந்து ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் அளவில். வெளிநாட்டவருக்கு முதல் சுற்று அநேகமாக செல்ஃப் டேப், அதாவது நாமே படம்பிடித்து அனுப்பும் வீடியோ. போனைக் கிடைமட்டமாக வையுங்கள், பின்னால் வெறும் சுவர், வெளிச்சம் முகத்தில், பார்வை லென்ஸுக்குச் சற்றுப் பக்கத்தில். மின்விசிறியை நிறுத்துங்கள். சென்னை மே மாதத்தில் இது தியாகம்தான், ஆனால் அந்தச் சத்தம் உங்கள் குரலுக்கு மேலே ஏறி உட்காரும்.

ஒவ்வொரு நிறுத்தமும் ஒவ்வொரு கையசைப்பும் முடிவாகும்வரை மெருகேற்றுவது நம் பழக்கம். பேச்சுப் போட்டியில் வளர்ந்தவர்கள் நாம். அங்கே அது எடுபடாது. நீங்கள் செய்து முடித்ததும் தேர்வாளர் ஒன்று சொல்வார்: "இதையே பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்று வைத்துச் சொல்லுங்கள்." அப்போது நீங்கள் எவ்வளவு மாறுகிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள். சொல்லிக்கொடுத்தால் இவரிடம் ஏறுமா என்பதே அவர்கள் கேள்வி. அதனால் வசனத்தை ஒரே விதமாக உருப்போடாதீர்கள். காய் நறுக்கிக்கொண்டு சொல்லுங்கள், மாடிப்படி ஏறிக்கொண்டு சொல்லுங்கள், ரகசியமாகச் சொல்லுங்கள். உங்கள் வயதை ஒட்டிய பாத்திரமாக எடுங்கள். இருபத்திரண்டு வயதில் கிங் லியர் வேண்டாம்.

அடுத்த சுற்றுகள் ஜூமில் நடந்தால் நேரத்தைக் கவனியுங்கள். குளிர்காலத்தில் அவர்களுக்கு மாலை 5 மணி என்றால் நமக்கு இரவு 10.30. ஓடு, விழு, கத்து என்று சொல்வார்கள். கீழ்வீட்டுக்காரரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

நேர்காணலில் பிரிட்டிஷ் நடிகரின் நகலாகத் தெரிய முயல வேண்டாம். கூத்துப்பட்டறை மாதிரி ஒரு குழுவில் பயின்றிருந்தாலும், ஊர்த் திருவிழாவில் கூத்து பார்த்து வளர்ந்திருந்தாலும் அதைச் சொல்லுங்கள். கட்டியங்காரன் கூட்டத்தைப் பார்த்து நேராகப் பேசுவதைக் கண்டவருக்கு, லண்டனில் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடக்கும் குளோப் அரங்கில் முற்றத்தில் நிற்பவர்களைப் பார்த்து நடிகர் பேசுவது புதிதாக இருக்காது. அங்கும் பார்வையாளர் இருட்டில் இல்லை. ஆனால் பண்பாட்டுப் பெருமை பேசி நிறுத்திவிடாதீர்கள். சமீபத்தில் பார்த்த நாடகம் எது, அதில் எது ஒட்டவில்லை என்று கேட்பார்கள். சினிமாவைச் சொல்லித் தப்பிக்க முடியாது. நாடகப் பதிவுகளை இணையத்தில் காட்டும் நேஷனல் தியேட்டர் அட் ஹோம் சந்தாவை இரண்டு மாதம் எடுத்தாலே நிறையப் பார்த்துவிடலாம்.

படிப்பில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது செய்யுள் வரி. ஷேக்ஸ்பியர் வரியில் பெரும்பாலும் ஐந்து சீர், ஒவ்வொன்றிலும் ஒரு மெலிந்த அசை, ஒரு அழுத்தமான அசை. நேர், நிரை படித்தவருக்கு இது சுலபம் என்றுதான் தோன்றும். ஆனால் நம் யாப்பில் அசைக்குக் கணக்கு குறில், நெடில், ஒற்று. ஆங்கிலத்தில் கணக்கு அழுத்தம். நாம் ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாக, சம எடையில் சொல்லப் பழகியவர்கள். அவர்களோ அழுத்தமில்லாத உயிரை விழுங்கிவிடுகிறார்கள். வரியை வாயால் படிப்பதற்கு முன் காலால் நடந்து பழகியபோதுதான் எனக்குப் பிடிபட்டது. இன்னொன்று, சொல் முதலில் வரும் ப, ட, க ஒலிகள். ஆங்கிலத்தில் அவற்றோடு ஒரு மூச்சு வெளியே வரும், நமக்கு வராது. டிஷ்யூ தாளை வாய்க்கு முன் பிடித்துச் சொல்லிப் பாருங்கள், தாள் ஆட வேண்டும். இதெல்லாம் உங்கள் பேச்சைத் திருத்துவதற்காக இல்லை. தேவையானபோது போட்டு, வேண்டாதபோது கழற்ற ஓர் உச்சரிப்பு, அவ்வளவே. என் ஊர்க் குரலிலேயே செய்த காட்சிகளும் உண்டு, அவைதான் நன்றாக வந்தன.

சரி, பணம். சர்வதேச மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் 20,000 பவுண்டுக்கு மேல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விசாவுக்கு வாழ்க்கைச் செலவு காட்ட வேண்டும்: நவம்பர் 2025 முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171 பவுண்டு, ஒன்பது மாதம் வரை. லண்டனுக்கு அது 13,761 பவுண்டு. இந்தத் தொகையும் பாக்கிக் கட்டணமும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும், ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. கணக்கு உங்கள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்கலாம். மாமா எவ்வளவு பாசக்காரராக இருந்தாலும் அவர் கணக்கு செல்லாது. கல்விக் கடன் கடிதத்தை ஏற்பார்கள். மருத்துவக் கூடுதல் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்டு, முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். காசநோய்ச் சோதனைச் சான்றிதழும் தேவை. அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மட்டும் எடுங்கள்.

உதவித்தொகையில் பிரிட்டிஷ் அரசின் செவனிங் ஓராண்டு முதுகலைக்குப் பொருந்தும். ஆனால் வேலை அனுபவம் கேட்பார்கள், படித்து முடித்து இரண்டாண்டு சொந்த நாட்டில் இருக்கவும் வேண்டும். லண்டனிலேயே தங்கி வாய்ப்புத் தேடும் எண்ணமிருந்தால் இது இடிக்கும். இன்லாக்ஸ் அறக்கட்டளை, சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை இரண்டையும் பாருங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு விதி. மாணவர் விசாவில் வகுப்பு நாட்களில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம், ஆனால் தொழில்முறைக் கலைஞராக வேலை செய்யக் கூடாது, சுயதொழிலும் கூடாது. பள்ளியின் பாடத்தில் அடங்கிய மேடையேற்றம் வேறு விஷயம். விளம்பரப் படத்தில் நடித்துக் கட்டணம் கட்டிவிடலாம் என்ற கணக்கு அடிபட்டுப் போகும். காபிக் கடை வேலைதான். அதுவும் பகல் முழுக்க வகுப்பு, மாலை ஒத்திகை என்று போனால் வார இறுதி மட்டுமே மிஞ்சும். வேலை வருமானத்தை நம்பிக் கிளம்பாதீர்கள்.

செலவைக் குறைக்க வழிகள் உண்டு. லண்டன் பஸ், ரயிலுக்கான மாணவர் ஆய்ஸ்டர் அட்டையில் டிராவல்கார்டு என்ற பயணச் சீட்டுக்கு 30 சதவீதம் தள்ளுபடி. குளோப்பில் நின்று பார்க்க ஐந்து பவுண்டிலிருந்து டிக்கெட் உண்டு, கால் வலிக்கும். நேஷனல் தியேட்டர் வெள்ளிக்கிழமைகளில் பத்து பவுண்டுக்கு டிக்கெட் விடும். அவர்களது ஆவணக் காப்பகத்தில் முன்பதிவு செய்தால் பழைய நாடகப் பதிவுகளை இலவசமாகவே பார்க்கலாம். சாப்பாட்டுக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பகுதிகள். இட்லி மாவு முதல் வல்லாரை வரை கிடைக்கும்.

படிப்பு முடிந்தபின் கிராஜுவேட் விசாவுக்கு மாறினால் நடித்துச் சம்பாதிக்கலாம், சுயதொழிலும் செய்யலாம். இப்போது அது இரண்டாண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதனால் சேர்வதற்கு முன்பே பள்ளிக்கு மின்னஞ்சல் எழுதி ஒன்றைக் கேளுங்கள்: நடிகர்களுக்கு வாய்ப்புத் தேடித்தரும் ஏஜென்ட்டுகள் வந்து பார்க்கும் ஷோகேஸ் நிகழ்ச்சி முதுகலை மாணவர்களுக்கும் உண்டா, அல்லது இளங்கலைக்கு மட்டுமா? எனக்குத் தெரிந்த சில ஓராண்டுப் படிப்புகளில் அது கிடையாது.