தாழ்மையின் வாசலும் பவுலாவின் கல்லறையும்

இயேசு பிறந்த இடத்தில் எழுந்த பெத்லகேம் பிறப்புப் பேராலயத்தின் வாசல் சுமார் 1.2 மீட்டர் உயரம்தான். ஆயரானாலும் அமைச்சரானாலும் முதுகை வளைக்காமல் உள்ளே போக முடியாது. ‘தாழ்மையின் வாசல்’ என்றே பெயர். அண்ணாந்து பார்த்தால், கல் வைத்து அடைத்த பழைய பெரிய வாசலின் வளைவு தெரிகிறது. குதிரையும் வண்டியும் நுழையாதபடி குறுக்கினார்கள் என்று சொல்வார்கள். நிலைக்கல்லில் கை ஊன்றும் இடம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

வரிசையில் நின்றபோது, எங்கள் குழுவில் ஒருவர் பெண்களுக்கு முக்காட்டைப் பற்றி உபதேசம் செய்துகொண்டே வந்தார். ஆதாரம், திருத்தூதர் பவுலின் கடிதமான 1 கொரிந்தியர் 11. முக்காடிடும் பெண்களை நான் குறை சொல்லவில்லை; எனக்கும் அது ஜெபத்துக்கு உதவுகிறது. ஆனால் பவுல் அங்கே பேசுவது சபையில் வாய்விட்டு ஜெபிக்கும், இறைவாக்கு உரைக்கும் பெண்ணைப் பற்றி. அதற்கு முந்தைய வசனம் ஆணின் தலையைப் பற்றியது. அடக்கமான உடையைச் சொல்லும் 1 தீமோத்தேயு 2 கண்டிப்பதும் பொன், முத்து, விலையுயர்ந்த ஆடை என்னும் பணப் பகட்டைத்தான். இவற்றை எங்கள் குழு உபதேசியார் தொடவே இல்லை.

வெள்ளி விண்மீன் பதித்த பிறப்பிடத்தை வணங்கிவிட்டு, பக்கத்திலுள்ள புனித கத்தரீன் ஆலயத்தின் கீழே குகைகளுக்கு இறங்கினோம். பெரும்பாலோர் அவசரமாகக் கடந்துபோகும் இடம் அது. புனித பவுலாவையும் அவருடைய மகள் யூஸ்டோக்கியத்தையும் நினைவுகூரும் கல்லறை அங்கே இருக்கிறது. ரோமின் உயர்குடியில் பிறந்த கைம்பெண் பவுலா. பெத்லகேமில் குடியேறித் துறவு இல்லங்களும் பயணிகள் விடுதியும் கட்டினார். 404-இல் இறந்தபோது மகளுக்குக் கடனைத்தான் விட்டுச் சென்றார். தெருச்சேற்றில் கால் வைக்காத இவர்கள் விளக்குத் திரியைச் சீர்செய்தார்கள், அடுப்பு மூட்டினார்கள், தரை பெருக்கினார்கள் என்று, விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்த, பெத்லகேமிலேயே வாழ்ந்த துறவி புனித ஜெரோம் எழுதுகிறார். அதே பவுலா எபிரேயம் கற்று, லத்தீன் வாடையே இல்லாமல் அம்மொழியில் திருப்பாடல்களைப் பாடினாராம். பெண்களுக்காக நூல் எழுதுகிறாயே என்று சிலர் ஜெரோமைக் கேலி செய்தபோது, அவர் இறைவாக்கினரான தெபோராளை எடுத்துக்காட்டிப் பதில் சொன்னார். எஸ்தர் நூல் மொழிபெயர்ப்பின் முன்னுரையில் தாயையும் மகளையுமே விளித்து எழுதியிருக்கிறார்.

துடைப்பமும் எபிரேயமும் ஒரே கையில்! பணிவு என்றாலே மௌனம் என்று பெண்களுக்கு மட்டும் பாடம் நடத்துகிறவர்கள் இந்தக் குகையில் கொஞ்சம் உட்கார்ந்து போகலாம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் வழிபாட்டில் மறைநூல் வாசிக்கும் வாசகர், பீடத்தில் குருவுக்கு உதவும் பீடத்துணைவர் ஆகிய பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி திறந்துவிட்டது 2021-இல்தான்.

மேலே வந்ததும் உபதேசியாரிடம் பவுலாவின் கதையைச் சொன்னேன். “ஜெரோமுக்கு உதவியாக இருந்த அம்மாதானே?” என்றார். ஆமாம் ஐயா, ஜெரோம் இருந்த மடத்தைக் கட்டிக்கொடுத்ததும் அந்த அம்மாதான் என்றேன்.