கையெழுத்துக்கு முன் கேட்ட கேள்விகள்

"அந்த மாசங்கள்ல சைட்டை யார் சார் நடத்தினாங்க?" என்று, தன் அனுபவ ஃபார்மை என் கையெழுத்துக்காக அனுப்பியிருந்த, முன்பு என்னோடு வேலை பார்த்த இன்ஜினியர் போனில் கேட்டபோது நான் உடனே பதில் சொல்லவில்லை. "ஃபார்மை இன்னொரு தடவை படிச்சிட்டு நாளைக்குச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன். மறுநாள் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அவர் திட்ட மேலாளர்களுக்கான பி.எம்.பி. சான்றிதழ்த் தேர்வில் தேறி இப்போது வேறு நிறுவனத்தில் நல்ல பொறுப்பில் இருக்கிறார். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. இருந்தும் அந்தப் பேச்சு என்னை விடுவதாக இல்லை.

படிப்பவர்கள் பலர் விண்ணப்பத்தை ஒரு சடங்காகத்தான் நினைக்கிறார்கள். அவர் விண்ணப்பித்தபோது, பட்டதாரி என்றால் கடைசி 8 ஆண்டுகளுக்குள் 36 மாதம் திட்டங்களை நடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டியிருந்தன. ஒவ்வொரு திட்டத்துக்கும் நோக்கம் என்ன, உங்கள் பங்கு என்ன, என்ன முடிவு வந்தது என்று எழுத வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு திட்டம் பார்த்திருந்தாலும் அந்த மாதத்தை ஒரு முறைதான் எண்ணலாம். பெரும்பாலான விண்ணப்பங்கள் அப்படியே தேறிவிடும். சிலரை மட்டும் ஆடிட்டுக்கு, அதாவது எழுதியது உண்மையா என்று சரிபார்க்க, எடுப்பார்கள். எடுத்துவிட்டால் 90 நாட்களுக்குள் சான்றிதழ் நகல்களோடு, அந்தந்தத் திட்டத்தை அறிந்த மேலதிகாரியின் கையெழுத்தும் போய்ச் சேர வேண்டும். அது சரி என்று வரும்வரை தேர்வுக்குத் தேதி குறிக்க முடியாது.

2019-ல் என்னை ஆடிட்டுக்கு எடுக்கவில்லை. அவரை 2022-ல் எடுத்தார்கள்.

ஒரகடம் பக்கம் நாங்கள் கட்டிய ஒரு தொழிற்சாலைக் கட்டடம்தான் ஃபார்மில் இருந்த திட்டம். காகிதத்தில் திட்ட மேலாளர் நான், அவர் பிளானிங் இன்ஜினியர். நடுவில் டெண்டர் வேலைக்காக என்னைத் தலைமை அலுவலகத்துக்கு இழுத்துவிட்டார்கள். ரிவ்யூ மீட்டிங் இருந்தால் மட்டும் சைட்டுக்குப் போவேன். காலைக் கூட்டம் நடத்துவது, சப்-கான்ட்ராக்டர்களிடம் ஆள் கணக்குக் கேட்பது, எந்தப் பகுதியில் முதலில் தளம் போடுவது என்று முடிவு செய்வது எல்லாம் அவரிடம் போயின. பட்ஜெட் என்னிடம் இருந்தது. கால நீட்டிப்புக்காக வாடிக்கையாளரோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் என்னிடம்தான். அது சின்ன வேலை இல்லை. அது கிடைக்காமல் போயிருந்தால் தாமதத்துக்கான அபராதத்தில் எங்கள் லாபம் முழுக்கக் கரைந்திருக்கும்.

அவர் எழுதியிருந்ததில் எல்லா வரியும் 'நான்' என்றே ஓடியது. திட்டமிட்டேன், முடிவெடுத்தேன், குழுவை நடத்தினேன். படித்ததும் போன் செய்தேன்.

"பட்ஜெட் உங்க கையில இல்லையேம்மா?"

"இல்லை சார். இருந்துதுன்னு எழுதவும் இல்லை."

"கிளையன்ட் கடிதம் எல்லாம் நான்தானே பார்த்தேன்?"

"அதையும் எழுதலை சார்." கொஞ்சம் இடைவெளி விட்டு, "தளம் போட்ட அன்னிக்கு மழை பிடிச்சப்போ நிறுத்தச் சொன்னது யார் சார்?" என்றார். அதற்குப் பிறகுதான் சைட்டை யார் நடத்தினாங்க என்ற கேள்வி.

அந்த மழை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நவம்பர் மாதம். ரெடிமிக்ஸ் வண்டிகள் வாசலில் வரிசையாக நிற்கின்றன. பாதித் தளம் போட்டாகிவிட்டது. தொடர்ந்தால் மேற்பரப்பு கெட்டுவிடும். கண்ட இடத்தில் நிறுத்தினால் பின்னால் அங்கேதான் விரிசல் விடும். அவர் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட்டைப் பிடித்துப் பேசி, ஜாயின்ட் வரவேண்டிய கோட்டில் பலகை அடைத்து நிறுத்தி, மிச்ச வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, அப்புறம்தான் என்னை அழைத்தார். நானாக இருந்தால் முதலில் வாடிக்கையாளரிடம் பேசியிருப்பேன், அதற்குள் இன்னும் ஒரு வண்டி கொட்டியிருக்கும்.

அப்படியானால் அந்தக் கேள்விகளை ஏன் கேட்டேன்? கையெழுத்துக்கு ஒரு பொருள் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் பதில். அதில் பொய்யில்லை. அதே ஆண்டு இன்னொருவர் ஃபார்மோடு வந்தார். தினசரி அறிக்கை நிரப்பியதைத் தவிர அந்தத் திட்டத்தில் அவர் வேறெதுவும் செய்ததில்லை. இதே கேள்விகளைக் கேட்டேன். பதில் வரவில்லை, கையெழுத்துப் போட மறுத்தேன். அவரிடம் கேட்டுவிட்டு, பிடித்தமானவர் என்பதற்காக இவரிடம் கேட்காமல் விட்டால் அது என்ன முறை? பொறுப்பு, மரியாதை, நியாயம், நேர்மை என்று நான்கை, இந்தத் தேர்வை நடத்தும் அமைப்பான பி.எம்.ஐ. தன் நெறிமுறையில் வைத்திருக்கிறது. நான் நேர்மையின் பக்கம் நின்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் மற்றவரின் வேலை எனக்குத் தெரியாது, அதனால் கேட்டேன். இவருடையது எனக்குத் தெரியும். தெரிந்ததைக் கேட்பது விசாரணை ஆகிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. 2019-ல் நான் எழுதிய விண்ணப்பத்திலும் அதே திட்டம், அதே மாதங்கள் இருக்கின்றன. விதிப்படி அதில் தவறில்லை. திட்ட மேலாளர் என்ற பதவிப் பெயர் இருந்தாக வேண்டும் என்று பி.எம்.ஐ. கேட்பதில்லை, ஒரு திட்டத்தை ஒருவர்தான் எழுதலாம் என்றும் இல்லை. நான் நடத்தியதை நான் எழுதினேன், அவர் நடத்தியதை அவர் எழுதினார். இதைத் தெரிந்துகொண்டேதான் போனை எடுத்தேன். அவருடைய 'நான்' என்னுடைய 'நானை' உறுத்தியதா என்று கேட்டால், இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆம் என்றும் சொல்லமாட்டேன். வேறு யாராவது அந்த ஃபார்மை அனுப்பியிருந்தாலும் பட்ஜெட்டைப் பற்றிக் கேட்டிருப்பேன் என்றுதான் நம்புகிறேன்.

நான் படித்த காலத்தில் பி.எம்.ஐ. வழிகாட்டி நூலின் ஆறாம் பதிப்பு. 49 செயல்முறைகளையும் அட்டவணையாக எழுதி எழுதி மனப்பாடம் செய்தோம். 4 மணி நேரத்தில் 200 கேள்விகள். 2021 ஜனவரியில் தேர்வே மாறிவிட்டது. 230 நிமிடம், 180 கேள்விகள், அதில் 42 சதவீதம் மனிதர்களைப் பற்றியது. குழுவில் இருவர் மோதுகிறார்கள், ஒருவர் ஒதுங்கிப் போகிறார், மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்ற வகைக் கேள்விகள். பாதிக்குப் பாதி, வேலையைச் சின்னச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் அஜைல், அதைப் பழைய முறையோடு கலக்கும் ஹைப்ரிட் என்று வந்தன. சைட்டிலிருந்து வருபவர்கள் அங்கே திணறுவார்கள். அவர் திணறவில்லை. அப்படி ஒரு சுற்றைக் குறிக்கும் ஸ்பிரிண்ட் என்ற சொல்தான் அவருக்குப் புதிது. காலையில் ஃபோர்மேன்களை நிற்கவைத்து நேற்று என்ன தடை, இன்று என்ன வேலை என்று கேட்டுப் பழகியவருக்கு மிச்சம் தெரிந்ததுதான். மாதிரித் தேர்வில் தவறிய கேள்விகளை இரவில் எனக்கு அனுப்புவார். பதிலை விட, மற்ற மூன்றும் ஏன் கூடாது என்பதில்தான் வாதம் நடக்கும். பல முறை அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. அந்த வாதங்களை நான் விரும்பினேன்.

ஆடிட் முடிந்த பிறகு அவர் கேள்விகள் அனுப்பவில்லை. தேர்வு நெருங்கியதால் தானே படித்திருக்கலாம். என் போன் காரணமாகவும் இருக்கலாம். முடிவு வந்ததும் "பாஸ் ஆயிட்டேன் சார், ரொம்ப நன்றி" என்று செய்தி வந்தது. வாழ்த்துச் சொன்னேன்.

இப்போது என்னிடம் யோசனை கேட்கும் பிள்ளைகளிடம், திட்டம் முடிந்த மாதமே விவரிப்பை எழுதி மேலதிகாரியிடம் காட்டி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மூன்று வருடம் கழித்து எழுதினால் அவரவர் நினைவில் அவரவர்தான் பெரிதாக இருப்பார்கள். சென்ற மாதம் ஒரு பையன் விவரிப்பைக் கொண்டுவந்தான், என் பெயரில் ஓடும் திட்டம்தான். அதிலும் எல்லாம் 'நான்'. படித்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, இது நீ செய்ததா என்று கேட்டேன். ஒன்றுக்கு ஆமாம் என்றான், இன்னொன்றை அவனே அடித்துவிட்டான். அவனிடம் கேட்டது சரிதான் என்று தோன்றுகிறது. அவரிடம் கேட்டதும் இதேதானே என்று யோசித்தால், இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை.