நார்அட் சிரிஞ்ச் தீரப்போகும் நேரம்

எங்கள் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவான சிசியுவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது சிரிஞ்ச் மாற்றுவதைத்தான். ஐம்பது எம்எல் சிரிஞ்சை மாற்றுவதில் என்ன இருக்கிறது என்று நினைப்பார்கள். அதில் இருக்கும் நார்அட்ரினலின், சுருக்கமாக நார்அட், விழும் பிபியைத் தூக்கிப்பிடிக்கும் மருந்து; அது உடம்பில் ஓரிரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டும் இடைவெளியிலேயே பிபி சரசரவென்று இறங்கிவிடும். அதனால் புது சிரிஞ்சை மருந்தை மெதுவாகத் தள்ளும் இன்னொரு பம்பில் முன்கூட்டியே ஓடவிட்டு, பிபி லேசாக ஏறுவதைப் பார்த்த பிறகே பழையதைக் குறைப்போம். மருந்து போகும் அந்த லைனில் வேறு எந்த ஊசியும் போடக்கூடாது. தள்ளினால், குழாயில் நிற்கும் மருந்தெல்லாம் ஒரேயடியாக உள்ளே போய் பிபி இருநூறைத் தொடும்.

மாரடைப்பில் இதயம் துவண்டு ஷாக்கில் (உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை) வருபவர்களுக்கு நார்அட் ரத்தக்குழாயை இறுக்கும். டோபுட்டமின் இதயத்தைப் பலமாகச் சுருங்கவைக்கும், ஆனால் குழாயைத் தளர்த்துவதால் சிலருக்கு பிபி இறங்கவும் செய்யும். பிபியை ஏற்றும் இன்னொரு மருந்தான டோபமின் எங்கள் டிராலியில் பின்வரிசைக்குப் போய்விட்டது. 2010-இல் வெளியான 1,679 பேர் ஆய்வில், நார்அட் போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்கு இதயத்துடிப்பு தாறுமாறானது என்றால், டோபமினில் அது 24 சதவீதம்.

சராசரி ரத்த அழுத்தம் (மேல் பிபிக்கும் கீழ் பிபிக்கும் இடைப்பட்ட எண்) 65 வேண்டும் என்பார்கள். சரிதான். அதற்காக எண்ணை மட்டும் பார்த்து நார்அட்டை ஏற்றிக்கொண்டே போகும் டியூட்டி டாக்டர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இறுகிய குழாயை எதிர்த்துத் தள்ள வேண்டியதும் அதே சோர்ந்த இதயம்தானே? மானிட்டரில் சராசரி 70 காட்டும், போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டால் முழங்கால் வரை சில்லென்றிருக்கும், யூரின் பையில் சொட்டு இறங்கியிருக்காது. அப்போது கேட்க வேண்டியது லாக்டேட்டும் (திசுக்களுக்கு ரத்தம் போதாவிட்டால் ஏறும் ரத்தச் சோதனை) எக்கோவும் (இதய ஸ்கேன்).

சொந்தக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. மருந்தை முழுதாக நிறுத்திய அன்று பதறிக்கொண்டு வருவார்கள்.

"சிஸ்டர், நேத்து மேல் பிபி நூத்திப்பத்து இருந்துச்சு, இன்னிக்கு தொண்ணூத்தாறுதான் காட்டுது?"

"நேத்து இருந்தது மருந்து ஏத்திவிட்ட பிபிண்ணா. இன்னிக்கு அவரே எடுக்குறாரு. யூரின் நல்லாப் போகுது, கால் சூடா இருக்கு."

நம்பாமல் டாக்டரிடம் போய் மறுபடியும் கேட்பார்கள். கேட்கட்டும்.