மொரீஷியஸ் பள்ளியில் ஒரு தமிழ்ப் பாடவேளை

ஒரு பயிற்சியில் அறிமுகமான மொரீஷியஸ் தமிழாசிரியை ஒருவர், "மே மாசம் வாங்க, என் வகுப்புல வந்து உட்காருங்க" என்று கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அக்கா என்றுதான் அழைப்பேன். மே மாதம் எங்களுக்கு விடுமுறை. அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குவதால் அப்போது இரண்டாம் பருவம் நடந்துகொண்டிருக்கும். ஆசிரியர்கள் போய்ப் பார்க்க இதைவிடத் தோதான மாதம் இல்லை.

ஆனால் நான் அரசுப் பள்ளி ஆசிரியை. துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் வெளிநாடு கிளம்ப முடியாது. ஜனவரியில் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்தேன். நடுவில் ஒரு மேசையில் கோப்பு ஐந்து வாரம் அப்படியே கிடந்தது. நேரில் போய்க் கேட்டபோதுதான், போகும் தேதியும் திரும்பும் தேதியும் எழுதவில்லை என்றார்கள். ஒரு போன் செய்து சொல்லியிருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுத்திருப்பேன். இன்னும் எனக்கு அந்த வருத்தம் உண்டு. நீங்கள் விண்ணப்பிக்கும்போது பயணத் தேதிகள், செலவை யார் ஏற்கிறார்கள் என்ற விவரம், அழைத்தவரின் கடிதம் மூன்றையும் முதல் நாளே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். எனக்குச் சான்று கையில் வந்தது ஏப்ரல் கடைசியில்.

விசா பெரிய வேலையாக இல்லை. இந்தியர்கள் சுற்றிப் பார்க்கப் போவதற்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டாம். பள்ளிக்குள் போவதற்குத்தான் தனி அனுமதி வேண்டியிருந்தது. அக்கா தன் தலைமையாசிரியரிடமும் மேலே அமைச்சகத்திடமும் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்திருந்தார். பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அதுவும் சரிதான்.

தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்து மெட்ரோவில் ரோஸ் ஹில் வந்து, அங்கிருந்து பத்து நிமிட நடை. மொழிப் பாட மணி அடித்ததும் வகுப்பே கலைந்தது. சிலர் இந்திக்கு, சிலர் உருதுக்கு, சிலர் பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோலுக்கு என்று பையைத் தூக்கிக்கொண்டு அறை மாறினார்கள். தமிழ் அறைக்கு வந்தவர்கள் பதினோரு பேர். நாலாம் வகுப்பு. "வணக்கம் மிஸ்!" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு தவறு செய்தேன். நம்மூர்ப் பிள்ளைகளிடம் பேசுவதுபோல மளமளவென்று பேசத் தொடங்கிவிட்டேன். பதினோரு முகமும் அக்கா பக்கம் திரும்பின. இந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். பாடப்புத்தகங்கள் ஆங்கிலத்தில். பிரெஞ்சும் கட்டாயம். தமிழ் அவர்களுக்குத் தாத்தா பாட்டியின் மொழி, கோவிலில் கேட்கும் மொழி. அதை நான் படித்துத் தெரிந்துகொண்டுதான் போனேன். ஆனாலும் வகுப்பில் நின்றபோதுதான் உறைத்தது.

அக்கா கற்பித்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு சொல்லைத் தமிழில் சொல்வார், கையால் காட்டுவார், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். அதற்கப்புறம்தான் கிரியோலில் ஒரே ஒரு வரி விளக்கம். நான் எழுதிக்கொடுத்த "என் பெயர்" என்ற வாக்கியத்தை ஒரு சிறுமி பார்த்து எழுதினாள். கடைசியில் குடும்பப் பெயரை "வீராபென்" என்று போட்டாள். பிரெஞ்சு முறையில் பதிவேட்டில் ஏறிய எழுத்து அது. "வீரப்பன்" என்று திருத்தப் பேனாவை எடுத்தேன். அக்கா மெல்ல என் கையைப் பிடித்தார். "அவ வீட்டுல அப்படித்தான் கூப்பிடுறாங்க, விடுங்க." பேனாவை மூடி வைத்தேன்.

அடுத்து அக்கா பையிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்தார். மொரீஷியஸ் தாள்களில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்கடுத்து இந்தி. இந்த நூறு ரூபாயில் படமாக இருப்பவரும் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழர்தான். 1998இல் வந்த புதிய தாள்களில் இந்தியை மேலேயும் தமிழைக் கீழேயும் மாற்றிப் போட்டுவிட, தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள். அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தார்கள். இதையெல்லாம் அக்கா பிள்ளைகளிடம் சொல்லவில்லை, இடைவேளையில் என்னிடம் சொன்னார். பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து, "தமிழ் எங்கே?" என்று மட்டும் கேட்டார். தாள் கை மாறிக் கை மாறிப் போனது. ஒவ்வொருவரும் விரல் வைத்து "நூ... று" என்று கூட்டிப் படித்தார்கள். றகரத்தின் கீழே இறங்கும் கோட்டை ஒரு பையன் நகத்தால் மூன்று முறை வரைந்து பார்த்தான்.

கிளம்பும்போது வீராபென் சிறுமி கிரியோலில் ஏதோ கேட்டாள். "உங்க ஊர்ல கடையிலயும் தமிழ்தான் பேசுவாங்களா?" என்று அக்கா மொழிபெயர்த்தார். ஆமாம் என்றேன். பஸ்ஸிலும்? ஆமாம். அவள் ஓடிப்போய்ப் பக்கத்துப் பிள்ளையிடம் அதைச் சொன்னாள்.

ஒரு நூறு ரூபாய்த் தாளைச் செலவழிக்காமல் ஊருக்குக் கொண்டுவந்தேன். ஜூனில் பள்ளி திறந்ததும் என் மூன்றாம் வகுப்பில் அதைச் சுற்றுக்கு விட்டேன். கடைசி வரிசையில் உட்காரும், வாசிக்கச் சொன்னாலே தலைகுனியும் பையன்தான் தமிழ் வரியை முதலில் கண்டுபிடித்தான்.

"டீச்சர், இது நம்ம எழுத்து!"